அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எங்கே? காதல் மிகுபுனைவுப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். ரொமான்டஸி என்று பெயர் சூட்டி, டிராகனையும் காதலையும் ஒரே அட்டைக்குள் வைத்து விற்கும் உங்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இதையே சொன்ன பலரின் குரல் உங்கள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. தமிழில் சொல்வதால் எனக்குப் புதிதாக நட்டம் ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் உங்கள் தொடர்கள் வாசலுக்கு நேரே அடுக்கப்பட்டிருக்கின்றன. காசு வாங்கும்போது தடையாக இல்லாத மொழி, குறை கேட்கும்போதும் தடையாக இருக்க வேண்டாம்.

நான் பேச வருவது அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸின் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' நாவல் பற்றி. ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்ட தொடரில் மூன்றாவது. 2025 ஜனவரி 21 அன்று வெளிவந்தது. இன்னும் படிக்காதவர்கள் யாரேனும் இந்த மடலைப் பார்க்க நேர்ந்தால் இங்கேயே விலகிக்கொள்ளட்டும், கடைசிப் பக்கம் வரை உடைத்துத்தான் பேசப்போகிறேன். ஆசிரியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. எழுதுகிறவர் கதைக்குள்ளேயே குடியிருப்பவர். எங்கே தொய்கிறது, எங்கே மூச்சு முட்டுகிறது என்று வெளியில் நின்று பார்த்துச் சொல்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். இந்தப் புத்தகத்தில் அந்த வேலை நடந்ததற்கான தடயம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில், முதல் புத்தகத்துக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுகிறேன். 2023 மே மாதம் வந்த 'ஃபோர்த் விங்' ஒரு குறுகிய மதில்மேல் நடையோடு தொடங்குகிறது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. கால் தவறினால் சாவு. அதில் நடப்பவள் வயலட். எலும்பு எளிதில் முறியும், மூட்டு நழுவும் உடம்பு அவளுடையது. ஏடுகளோடு வாழ ஆசைப்பட்டவளைப் படைத்தலைவியான தாய் டிராகன் வீரர்களின் பிரிவுக்குத் துரத்திவிடுகிறாள். எலர்ஸ்-டான்லஸ் என்னும் இணைப்புத்திசுக் குறைபாடு தனக்கு உண்டு என்று யாரோஸ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்த உடம்பின் வலி அலங்காரத்துக்கு வந்துபோகாமல், ஒவ்வொரு நாளும் மூட்டுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும் வலியாக அந்தப் பக்கங்களில் இருந்தது. டிராகனின் முதுகில் அவளால் பிடித்து உட்கார முடியவில்லை என்று கண்டதும் சேடன் அவளுக்கென்று ஒரு சேணம் செய்வித்துத் தருகிறான். காதலிக்கிறேன் என்று வாயால் சொல்லுமுன்பே சொல்லியாகிவிட்டது.

அந்தச் சேடன் யார்? வயலட்டின் தாயோடு பகைகொண்ட கிளர்ச்சித் தலைவரின் மகன். தந்தைக்கு மரண தண்டனை. பிள்ளையின் முதுகில் 107 தழும்புகள். தண்டிக்கப்பட்ட கிளர்ச்சியாளர்களின் பிள்ளைகள் 107 பேரின் விசுவாசத்துக்கும் அவன் தன்னைப் பிணையாக நிறுத்தியதன் அடையாளம் அது. அவனுடைய டிராகனும் அவளுடைய டிராகனும் இணை என்பதால், அவை பல நாள் பிரிந்திருக்க முடியாது. எனவே பகைவர் இருவரும் பிரிய முடியாது. பழைய உத்திதான். ஆனால் எவ்வளவு அழகாகப் பூட்டப்பட்ட உத்தி! மொழிநடை ஆங்காங்கே தடுக்கியதையும், மாய உலகத்து வீரர்கள் இன்றைய கல்லூரி விடுதிப் பேச்சில் பேசியதையும் நான் பொறுத்துக்கொண்டது இதனால்தான்.

'அயர்ன் ஃபிளேம்' அதே ஆண்டு நவம்பர் 7 அன்று வந்தது. ஆறே மாதம். நீ என்னிடம் எதையோ மறைக்கிறாய், நீ கேட்டால் சொல்கிறேன், நீயாகச் சொல்லேன் என்று இருவரும் ஒரே சண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பொறுமை போனது. ஆனாலும் முடிவு எல்லாவற்றையும் ஈடுகட்டியது: வயலட்டின் தாய், நாட்டைக் காக்கும் மாயக் காவல்கல்லுக்குத் தன் உயிரைக் கொடுக்கிறாள், சேடன், வயலட்டைக் காப்பாற்ற, நிலத்திலிருந்தே சக்தியை உறிஞ்சி, இதுவரை எவரை எதிர்த்துப் போரிட்டானோ அந்த வெனின் இனத்தில் ஒருவனாகிவிடுகிறான். திரும்பி வர வழி இல்லை. உறிஞ்ச உறிஞ்ச உள்ளே இருக்கும் மனிதன் கரைந்துபோவான்.

கவனியுங்கள், ஒரு காதல் கதைக்கு இதைவிட நல்ல மூன்றாம் பாகம் யாருக்காவது வாய்க்குமா? நேசிப்பவன் கண் முன்னே கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவனாகிறான். அவனுக்கு இன்று எது மறந்துபோனது, எது வலிக்காமல் போனது, தொடும்போது கை தயங்கியதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவனைப் பிறர் கொல்லாமல் காக்க வேண்டும். அவன் பிறரைக் கொல்லாமலும் காக்க வேண்டும். உண்மையைச் சொல் என்று இரண்டாம் பாகம் முழுவதும் சண்டை போட்டவள், இப்போது தானே ஊருக்குப் பொய் சொல்ல வேண்டும். இவ்வளவும் மேசைமேல் தயாராக இருந்தது. 500 பக்கங்களுக்கு மேல் இடமும் இருந்தது.

நீங்கள் எங்களைத் தீவுச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போனீர்கள்.

வயலட்டின் இன்னொரு டிராகனான அண்டார்னாவின் இனத்தைத் தேடிக் கடல் கடந்து போவது காரணம் இல்லாத பயணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தீவு, அதற்கு ஒரு விசித்திர வழக்கம், ஓர் ஆட்சியாளர், ஒரு சோதனை, புறப்படு, அடுத்த தீவு. வணிகத்துக்கு ஒன்று, போருக்கு ஒன்று, அறிவுக்கு ஒன்று, அதிர்ஷ்டத்துக்கு ஒன்று. டெவரெல்லி, அன்பிரியல், ஹெடோட்டிஸ், ஜெஹில்னா. பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளக் குறிப்பேடு தேவைப்பட்டது. கூடவே வரும் வீரர்கள், அவர்களின் டிராகன்கள், பாதி கழுகு பாதி சிங்கமான கிரிஃபின்கள், அவரவர் சிறப்பாற்றல்கள் வேறு. யாராவது சாகும்போது 'இவர் யார்?' என்று பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அழ வேண்டிய இடத்தில் அட்டவணை தேடவைப்பது பதிப்பாசிரியரின் தோல்வி.

இந்தச் சுற்றுலாவிலும் இரண்டு மாணிக்கங்கள் கிடந்தன. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டார்கள் என்பதுதான் எரிச்சல்.

முதலாவது: அந்தத் தீவுகளில் மாயசக்தி கிடையாது. உறிஞ்சுவதற்கு எதுவுமே இல்லாத மண். எனவே சேடனின் வெறி அங்கே அடங்கிவிடுகிறது. அவன் பழைய சேடனாகிறான். அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே! நாட்டையும் போரையும் நண்பர்களையும் விட்டால் காதலனை மீட்கலாம். திரும்பினால் அவனை இழக்கலாம். டிராகன்கள் இதற்கு என்ன சொல்லும்? அவள் கேட்க வேண்டிய கேள்வி, அவன் கேட்டுவிடுவானோ என்று அவள் பயப்பட வேண்டிய கேள்வி. ஒரு முழு நாவலைத் தாங்கும் வலிமை இந்த ஒரு கேள்விக்கு உண்டு. கதை அதன் தோளைத் தொட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது.

இரண்டாவது: ஹெடோட்டிஸ் தீவில் சேடனின் தாய் எதிரே வந்து நிற்கிறாள். சிறு பிள்ளையாக இருந்தபோது விட்டுப்போனவள். 107 பிள்ளைகளுக்குத் தன்னைப் பிணையாக வைத்தவனை, பெற்றவள் விட்டுப்போயிருக்கிறாள். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாலே போதும், படிப்பவர்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும். நமக்குக் கிடைத்தது விருந்தும் விஷமும் விறுவிறுப்பும். தாயும் மகனும் பேச வேண்டியதைப் பேசுமுன் டிராகன்மீது ஏறிவிட்டோம்.

தேடிப்போன டிராகன் இனம் கடைசியில் கிடைக்கிறது. அண்டார்னாவைப் போருக்குப் பயன்படுத்தியதற்காக மனிதர்கள்மீது அருவருப்புக் கொண்டு, உதவ மறுத்துவிடுகிறது. அண்டார்னா வயலட்டை விட்டுப் போயே விடுகிறாள். அந்த அத்தியாயம் எனக்குப் பிடித்தது. இந்தப் புத்தகத்தில் உண்மையாகவே ஒரு பிரிவு நடந்த இடம் அது. ஆனால் போனவள் பெரும்போர் மூளும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அந்தப் பிரிவு வயலட்டை எப்படி மாற்றியது என்று பார்ப்பதற்குள் அது இல்லாமலே ஆகிவிட்டது.

இப்போது முடிவுக்கு வருகிறேன். போர் முடிகிறது. வயலட் கண் விழிக்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நினைவில் இல்லை. விரலில் மோதிரம். சேடனுக்கும் அவளுக்கும் திருமணம் நடந்திருக்கிறது. சேடனைக் காணவில்லை. நினைவை அழித்தவள் தோழி இமோஜன். அழிக்கச் சொன்னவள் வயலட்டேதான்.

ஐயா, அம்மா, மூன்று புத்தகங்களாக நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம்? மதில்மேல் நடையில் தொடங்கிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கும் நேரத்துக்காக. அதுவும் அவன் பாதி கரைந்துபோன நிலையில், நாளை அவன் அவனாக இருப்பானா என்று தெரியாத நிலையில். அந்த நிமிடத்தில் அவன் முகம் எப்படி இருந்தது? முதலில் கேட்டது யார்? மறந்துவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது அவன் தடுத்தானா? காதல் கதை என்று அட்டையில் எழுதி விற்ற புத்தகத்தில், காதல் தன் உச்சிக்கு வரும் இரவை மட்டும் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த பாகத்துக்கு இதுதான் தூண்டில் என்கிறீர்கள்.

மறைப்பது தவறே அல்ல. தன் கையாலேயே தன் மகிழ்ச்சியை அழித்துக்கொள்ளும் பெண் என்பது பிரமாதமான கரு. உண்மைக்காகச் சண்டை போட்டவள் தன்னிடமிருந்தே உண்மையை மறைக்கிறாள் என்பது அதைவிடப் பிரமாதம். ஆனால் அந்த முடிவை அவள் எடுப்பதை நாங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, அவள் மறந்து எழுவதையும் பார்த்திருந்தால், எங்களுக்குத் தெரியும் அவளுக்குத் தெரியாது என்ற வேதனை அடுத்த புத்தகம் வரை எங்களை விட்டிருக்காது. நீங்கள் தேர்ந்தெடுத்ததோ அவளும் நாங்களும் சேர்ந்தே இருட்டில் இருக்கும் வழி. அதில் புதிர் இருக்கிறது, வேதனை இல்லை. 'என்ன ஆயிற்று' என்று கேட்டுக்கொண்டே அடுத்ததை வாங்குவோம் என்பது உங்கள் கணக்கு.

மேடைக்குப் பின்னால் நடந்த திருமணம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. முடிந்தபோது, முடிவு திருப்தியாக இல்லை என்று வாசகர்கள் முறையிட்டார்கள். வந்தியத்தேவனும் குந்தவையும் என்ன ஆனார்கள் என்பது உட்பட, கதை விட்டுவைத்த கேள்விகள் நிறைய. கல்கி என்ன செய்தார்? முடிவுரை ஒன்று எழுதினார். இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. கேட்டவர்களை ஏளனம் செய்யாமல், யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லி, வரலாற்று நாவலை இப்படி முடித்ததன் காரணத்தையும் விளக்கினார். அந்தப் பதில் எல்லோருக்கும் போதவில்லை என்பது வேறு கதை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எங்கள் வீடுகளில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் அவர் எதையும் அடுத்த விலைச்சீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கவில்லை. வாசகரின் கேள்வி ஒரு பதிலுக்கு உரியது என்று நினைத்தார்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும்: விற்பனை. முதல் வாரத்தில் 27 லட்சம் பிரதிகள் போனதாகவும், இருபது ஆண்டுகளில் பெரியவர்களுக்கான நாவல் எதுவும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை என்றும் செய்தி வந்தது. நள்ளிரவில் கடை திறந்து கொண்டாடினார்கள். இவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறதே என்பீர்கள். அந்த 27 லட்சம் பேரில் வாங்கும் நேரத்தில் புத்தகத்தைப் படித்திருந்தவர் எத்தனை பேர்? முதல் வார விற்பனை என்பது முந்தைய புத்தகம் சம்பாதித்த நம்பிக்கை. சேடன் செய்வித்த அந்தச் சேணத்துக்கும் 107 தழும்புகளுக்கும் நாங்கள் கொடுத்த பணம் அது. மூன்றாம் பாகத்தின் தரத்துக்கு அது சான்று ஆகாது. அந்தக் கணக்கு நான்காம் பாகத்தின்போதுதான் தெரியும்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2008 ஆகஸ்ட் 2 அன்று ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' காதல் தொடரின் நான்காம் பாகமான 'பிரேக்கிங் டான்' வந்தது. அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள். நான்கு புத்தகங்களாகக் கட்டி எழுப்பிய பகை, பனிபடர்ந்த வெளியில் இரு படைகளும் எதிரெதிரே நின்று பேசிவிட்டுக் கலைவதோடு முடிந்தது. ஏமாந்த வாசகர்களில் சிலர் புத்தகத்தை எரிக்காதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள் என்று இயக்கமே நடத்தினார்கள். வெறுத்தவர்கள் அல்லர் அவர்கள். அத்தனை பாகத்தையும் நெஞ்சோடு வைத்திருந்தவர்கள். 2012இல் படம் வந்தபோது, புத்தகத்தில் இல்லாத ஒரு பெரும்போரைத் தீர்க்கதரிசனக் காட்சியாகச் சேர்த்தார்கள். குறை எங்கே இருந்தது என்று திரைக்காரர்களுக்குப் புரிந்திருந்தது.

வேகத்தைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. ஒரே ஆண்டில் இரண்டு பெரும் நாவல்கள், பதினான்கு மாதம் கழித்து மூன்றாவது. உடல்நிலை அப்படிப்பட்ட ஓர் எழுத்தாளரை இந்த ஓட்டம் ஓடவிட்டது யார்? இடைவெளி விட்டால் வாசகர் மறந்துவிடுவார் என்று யாரோ பயந்திருக்கிறார்கள். நாங்கள் மறப்பதில்லை. எங்களைச் சலிக்கவைப்பது காத்திருப்பு அல்ல, காத்திருந்து பெற்றது பாதி வெந்ததாக இருப்பதுதான். 'அயர்ன் ஃபிளேம்' முதல் அச்சில் பக்கங்கள் பிழையாக வந்த பிரதிகள் பற்றிச் செய்தியே வந்தது. அச்சகத்தின் அவசரம் கண்ணுக்குத் தெரிந்தது. கதையின் அவசரம் படித்தால்தான் தெரியும்.

பக்க ஓரங்களில் வண்ணம் தீட்டி, டிராகன் வரைந்து, சிறப்புப் பதிப்பு என்று விற்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, அலமாரியில் வைத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த ஓரங்களுக்குச் செலவிட்ட கவனத்தில் பாதியை நடுப்பக்கங்களுக்கு ஒதுக்கியிருந்தால், இரண்டு தீவுகளைக் குறைத்திருக்கலாம். ஒரே பொருள்பட இருவரும் ஐந்தாவது முறையாகப் பேசும் உரையாடலை வெட்டியிருக்கலாம். நீ இல்லாமல் நான் இல்லை, உனக்காக உலகையே எரிப்பேன் என்ற வகை உறுதிமொழிகள் மூன்று புத்தகங்களிலும் வருகின்றன. உலகை எரிக்கும் ஆற்றல் அவனுக்கு நிஜமாகவே வந்துவிட்ட பிறகு அந்தச் சொற்கள் வேறு பொருளில் ஒலித்திருக்க வேண்டாமா? அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டாமா? ஓரத்தில் ஒரு பென்சில் குறிப்பு போதும் இதற்கு.

காதல் கதைதானே, இதில் இவ்வளவு எதிர்பார்ப்பா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். வாடகை நூலகங்களில் ரமணிசந்திரன் நாவல்களை வரிசையில் நின்று வாங்கிப் படித்த பெண்களிடையே வளர்ந்தவள் நான். நாயகன் ஓர் அத்தியாயம் முந்தி மனம் மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள்; காரணமில்லாத பிரிவை மன்னிக்கவேமாட்டார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையைப் படிப்பவர்கள் வழியைத்தான் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். உங்கள் வாசகிகளும் அப்படித்தான். அவர்களை வெறும் ரசிகைக் கூட்டம் என்று எண்ணித்தான் இந்த முடிவை அச்சுக்கு அனுப்பினீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

கேட்பது அதிகமில்லை. நான்காம் பாகத்துக்கு, அது எழுதி முடிக்கப்படுமுன் வெளியீட்டுத் தேதி குறிக்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை யாரோ ஒருவர் நான்கு வரியில் நினைவுகூர்வதாக ஒப்பேற்றிவிடாதீர்கள். முழு அத்தியாயங்களாக, நடக்கும்போதே நாங்கள் பார்க்கும்படி கொடுங்கள். சேடனின் தாயைத் திரும்ப அழைத்து வாருங்கள், இம்முறை விஷம் இல்லாமல். புதிதாக யாருக்கும் பெயர் வைக்காதீர்கள், தயவுசெய்து.

முன்பதிவு தொடங்கியதாக அறிவிப்பு வந்தால் நான் செய்யப்போவதில்லை. வெளிவந்து சில வாரம் போகட்டும். கடையில் நின்று முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துப் பார்ப்பேன். திருமணம் அதற்குள் வந்திருந்தால் வாங்குவேன்.

இப்படிக்கு,
மூன்று பாகங்களுக்கும் முழு விலை கொடுத்த வாசகி